எச்.ஐ.வி. பரிசோதனையும் மருந்தும்: யாழ்ப்பாணத்தில் நாம் விடும் பிழைகள்

கோயில் திருவிழா, பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று எங்கள் ஊரில் இரத்ததான முகாம்களுக்குக் குறைவில்லை. நல்ல விஷயம். ஆனால் அங்கே வரும் பெடியன்களில் ஒரு சிலர் மனதுக்குள் வேறு கணக்கு வைத்திருப்பார்கள்: “எப்படியும் எச்.ஐ.வி. பார்ப்பார்கள்தானே, ஏதும் இருந்தால் சொல்லுவார்கள்.” இப்படி என்னிடமே ஒரு தம்பி சொன்னான். அன்று அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தானமாகக் கிடைக்கும் குருதியை இரத்த வங்கி சோதிக்கிறது, உண்மை. ஆனால் தொற்றிய முதல் நாட்களில் எந்தப் பரிசோதனைக்கும் வைரஸ் பிடிபடாது. அந்த நாட்களில் கொடுத்த குருதி இன்னொரு நோயாளிக்குப் போய்ச் சேரலாம். சந்தேகம் இருப்பவர் போக வேண்டிய இடம் வேறு.

அந்த இடம் அரசின் பாலியல் நோய் சிகிச்சை நிலையம். நாங்கள் வாயில் சொல்வது எஸ்.ரி.டி. கிளினிக். யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது, மற்ற மாவட்டங்களிலும் இருக்கிறது. இதற்குக் காசும் இல்லை, வேறு டொக்டரின் கடிதமும் தேவையில்லை. இது தெரியாமல், முதலில் தனியார் டொக்டரிடம் கடிதம் வாங்க அலைந்து, அங்கே தெரிந்த முகத்தைக் கண்டு திரும்பி வந்தவர்கள் உண்டு. “ஆராவது கண்டால்?” என்ற பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கிற ஊர் இது. ஆனால் யாழ்ப்பாணத்துக்காரர் யாழ்ப்பாணக் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. வவுனியாவுக்குப் போகலாம், அனுராதபுரத்துக்குப் போகலாம், கொழும்புக்கும் போகலாம். அதுவும் முடியாவிட்டால், வீட்டிலேயே செய்து பார்க்கும் சுயபரிசோதனைக் கருவியை தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இணையவழியாகவும் தருகிறது.

சோதிக்கும் நாளிலும் பிழை நடக்கிறது. தொற்றியிருக்கலாம் என்று சந்தேகிக்கும் சம்பவம் நடந்து ஒரு கிழமையில் ஓடிப்போய்ச் சோதித்து, “இல்லை” என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆய்வுகூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனையின் (வைரஸின் கூறையும் அதற்கெதிராக உடல் உண்டாக்கும் பொருளையும் சேர்த்துப் பார்ப்பது) பதிலையே 45 நாட்கள் கழிந்த பிறகுதான் நம்பலாம். விரல் நுனி இரத்தத்திலோ எச்சிலிலோ பார்க்கும் கருவி என்றால் 90 நாட்கள். மறுபக்கம், தனியார் லாப் ஒன்றில் ஒரே ஒரு சோதனை “ரியாக்டிவ்”, அதாவது தொற்று இருக்கலாம், என்று வந்தவுடன் உலகமே முடிந்ததாக நினைப்பதும் பிழை. அது முடிவான பதில் அல்ல. கிளினிக்கில் மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தனியே இரவைக் கழிக்கக் கூடாது, அடுத்த நாளே போங்கள்.

சம்பவம் நேற்றுத்தான் நடந்தது என்றால் 45 நாள் காத்திருக்கவே வேண்டாம். 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் தொற்றைத் தடுக்கக்கூடிய மருந்து இருக்கிறது. 28 நாட்கள் எடுக்க வேண்டும். எவ்வளவு நேரத்தோடு தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. வன்புணர்வுக்கு ஆளானவர்களும், ஊசி குத்துப்பட்ட தாதியரும் சுத்திகரிப்புத் தொழிலாளரும் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இனி, சட்டம். இலங்கையில் எச்.ஐ.வி.க்கென்று தனியான சட்டம் இல்லை. இருப்பது 2011ஆம் ஆண்டின் தேசிய எச்.ஐ.வி. எயிட்ஸ் கொள்கை. பரிசோதனை ஒருவரின் சம்மதத்துடன்தான் நடக்க வேண்டும், விபரம் இரகசியமாக இருக்க வேண்டும், பாகுபாடு காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. கொள்கையும் சட்டமும் ஒன்றென்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். கொள்கை மீறப்பட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்பது கடினம். ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் அர்த்தமில்லை. அரச வைத்தியசாலையோ அரச பாடசாலையோ அரச திணைக்களமோ ஒருவரை ஒதுக்கினால், அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமையை வைத்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம். எச்.ஐ.வி. என்ற வதந்தியால் பாடசாலை அனுமதி மறுக்கப்பட்ட ஒரு சிறுவனின் வழக்கு அப்படித்தான் போனது. அப்படிப்பட்ட பிள்ளைகளின் கல்வியையும் மாண்பையும் அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 2016இல் அந்த நீதிமன்றம் சொன்னது.

இதில் ஆட்கள் தவறவிடுவது காலத்தைத்தான். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். “முதலில் பெரியவரிடம் பேசிப் பார்ப்போம், பிறகு கடிதம் எழுதுவோம்” என்று இருக்க அந்த மாதம் ஓடிவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. சரி, வேலையால் நிறுத்தியது தனியார் கொம்பனி என்றால்? அடிப்படை உரிமை மனு அரசின் செயலுக்கு எதிராகத்தான். தனியார் முதலாளி என்றால் வழி தொழில் சட்டம்தான், ஆகவே முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

பொலிஸ் பயமும் பலரைத் தடுக்கிறது. ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவு தண்டனைச் சட்டக்கோவையில் இருப்பதால், கிளினிக்கில் உண்மையைச் சொன்னால் வழக்கு வரும் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். எச்.ஐ.வி.க்குச் சோதிப்பதும் குற்றமல்ல, தொற்றோடு வாழ்வதும் குற்றமல்ல. அங்கே கேட்கும் கேள்விகள் எந்தப் பரிசோதனை தேவை என்று அறியத்தான்.

கலியாணப் பேச்சில் இன்னொன்று நடக்கிறது. வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டார் “புல் செக்கப்” கேட்பார்கள். பெண்ணுக்கு எதற்கென்றே சொல்லாமல் குருதி எடுத்து, முடிவைத் தகப்பனின் கையில் கொடுப்பார்கள். திருமணத்துக்கு எச்.ஐ.வி. பரிசோதனை வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. இரண்டு பேரும் விரும்பிச் சேர்ந்து சோதித்தால் நல்லது. ஆனால் அந்தத் தாள் சோதிக்கப்பட்டவருடையது, தகப்பனுடையது அல்ல.

வெளிநாட்டு விதியையும் உள்நாட்டு விதியையும் குழப்பக் கூடாது. வளைகுடா நாடுகள் எச்.ஐ.வி. உள்ளவருக்கு வேலை விசா கொடுப்பதில்லை. அது அவர்களின் சட்டம், இங்கே சிகிச்சை பெறுவதை அது தடுக்காது. கனடா 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் குடிவரவு மருத்துவத்தில் சோதிக்கிறது. ஆனால் தொற்று இருக்கிறது என்பதற்காக மட்டும் விசாவை மறுப்பதில்லை. மருத்துவச் செலவு அதிகம் என்று காட்டி மறுக்கும் விதி ஒன்று உண்டு, ஆனால் ஸ்பொன்சரில் போகும் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. இது தெரியாமல் ஏஜென்சிக்காரரிடம் “ரிப்போர்ட் மாற்ற” காசு கொடுத்தால், பொய்த் தகவல் கொடுத்த குற்றத்துக்காகவே கதவு மூடப்படும்.

இனி, தொற்று உள்ளவர்கள் எடுக்கும் மருந்துக்கு வருகிறேன். 2004 முதல் இந்த நாட்டில் அரசு அதை இலவசமாகக் கொடுக்கிறது. இப்போது தொற்று உறுதியானவுடனேயே தொடங்குகிறார்கள், உடல் மெலியும்வரை காத்திருப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு குளிசைதான். ஒழுங்காக எடுத்தால் குருதியில் வைரஸ் காணமுடியாத அளவுக்குக் குறையும், அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. பிழை இங்கேதான் நுழைகிறது. “காணவில்லை” என்ற வார்த்தையைக் கேட்டதும் சுகமாகிவிட்டது என்று நிறுத்துவார்கள், அல்லது யாரோ சொன்ன நாட்டு மருந்துக்கு மாறுவார்கள். நிறுத்தினால் வைரஸ் திரும்ப எழும்பும், விட்டுவிட்டு எடுத்தால் அந்த மருந்துக்கே அடங்காததாக மாறலாம். இந்தியாவுக்கு யாத்திரை போவதென்றாலும் கிளினிக்குக்கு முன்கூட்டியே சொல்லி, போதிய மருந்தை எடுத்துக்கொண்டு போங்கள்.

கர்ப்பிணிகளுக்கு முதல் கர்ப்பக் கிளினிக்கிலேயே சிபிலிஸ் என்ற பாலியல் நோயோடு எச்.ஐ.வி.யும் பார்க்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது இந்த வேலையால்தான். “எங்களுக்கு ஏன் இந்தச் சோதனை” என்று மனைவியின் குருதிப் பரிசோதனையைத் தடுக்கும் கணவர்களைக் கண்டிருக்கிறேன். மனைவிக்குச் சோதிக்கும்போது அவர்களும் சேர்ந்து சோதிக்கலாம். கர்ப்பத்தின் இடையில் கணவனிடமிருந்து புதிதாகத் தொற்றினால், முதல் மாதத்தில் எடுத்த குருதி அதைக் காட்டாது.