நச்சு வாயு கசிந்த வீட்டைத் துடைப்பது எப்படி: பிளீச்சிங் பவுடரை எடுப்பதற்கு முன்

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதி வீடுகளில் வேறு எது இல்லாவிட்டாலும் ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர் இருக்கும். மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து வடிந்தால் அதைத்தான் தூவுகிறோம்; அந்தப் பழக்கத்தில் வாயு கசிந்த மறுநாளும் கை அதையே தேடுகிறது. ஆனால் 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்தது அம்மோனியா. அம்மோனியா கலந்த ஈரத்தின் மேல் பிளீச்சிங் கரைசல் பட்டால் குளோரமின் என்னும் வேறொரு நச்சு வாயு எழுந்து, ஏற்கெனவே புண்பட்டிருக்கும் நுரையீரலை மேலும் புண்ணாக்கும். ஆகவே, வந்தது எது என்று தெரியும் வரை பிளீச்சைத் தொடாதீர்கள்.

முதல் படி: வெளியேறுங்கள், உடையை மாற்றுங்கள்

காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து வெளியேறி, 112 அல்லது 101-ஐ அழையுங்கள். பாதுகாப்பான இடத்தை அடைந்ததும் மேலுடையைக் களைய வேண்டும். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்னும் நரம்பு நஞ்சால் தாக்குதல் நடந்தபோது, நோயாளிகளின் உடையிலிருந்து ஆவியான நஞ்சினால் அவர்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவமனைப் பணியாளர்களும் பாதிக்கப்பட்டனர். பனியனைத் தலைவழியாகக் கழற்றினால் நஞ்சு முகத்தில் படும் என்பதால் கத்தரியால் வெட்டி எடுப்பதே நல்லது. பிறகு கண்களைச் சுத்தமான நீரில் குறைந்தது பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் அலசி, உடம்பைச் சோப்பும் ஏராளமான தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். தோலில் பிளீச் வேண்டாம்.

இரண்டாம் படி: வந்தது எது என்று கேளுங்கள்

வீட்டுக்குத் திரும்பலாம் என்று அதிகாரிகள் அறிவித்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். அப்போது கசிந்த பொருளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. அம்மோனியா, குளோரின் போன்ற வாயுக்கள் பெரும்பாலும் காற்றோட்டத்தில் கலைந்துவிடும். மாறாக, நரம்பு நஞ்சுகளில் சிலவும், தோலைக் கொப்புளமாக்கும் போர் நஞ்சான கடுகு வாயுவும் எண்ணெய்ப் பிசுக்காகப் பரப்புகளில் ஒட்டி நாள்கணக்கில் நிற்கும். அப்படிப்பட்ட தாக்குதலுக்குள்ளான வீட்டை நாமே துடைக்கக் கூடாது. அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் அணி இதற்கும் பயிற்சி பெற்றது.

மூன்றாம் படி: திறந்து வைத்துத் துடையுங்கள்

எல்லாக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து, கடற்காற்று வீட்டின் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறும்படி செய்துவிட்டு, சில மணி நேரம் வெளியிலேயே இருங்கள். துணி முகக்கவசமும் என்95 முகக்கவசமும் வாயுவைத் தடுக்காது என்பதால் காற்றோட்டமே உங்களுக்குப் பாதுகாப்பு. பிறகு தடித்த ரப்பர் கையுறை, மூடிய காலணி அணிந்து, ஒரு வாளி தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால் அதற்கு இதுவே போதும்.

துடைக்கும் விதத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். வட்டமாகத் தேய்த்தால் அழுக்கு பரவுமே தவிரப் போகாது. துணியை நான்காக மடித்து, ஜன்னல் கம்பியை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்து, மடிப்பைத் திருப்பி, அடுத்த கம்பிக்குச் செல்ல வேண்டும். நான்கு பக்கமும் பயன்பட்டதும் வாளியில் முக்காமல் துணியையே மாற்றிவிடுங்கள். முக்கினால் வாளித் தண்ணீரும் நஞ்சாகிவிடும். கண்ணாடி, எவர்சில்வர், டைல்ஸ் ஆகியவை எளிதில் சுத்தமாகும். சுண்ணாம்புச் சுவர், பாலிஷ் போன மரப்பலகை, பஞ்சு மெத்தை ஆகியவை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய்ப் பசையுள்ள ரசாயனம் ஏறிய மெத்தையை, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும், மீண்டும் பயன்படுத்தாதீர்கள். மூடாமல் இருந்த உணவையும் குடத்துத் தண்ணீரையும் அவ்வாறே கொட்டிவிட வேண்டும்.

பிளீச் எப்போது

பொருள் இன்னதென்று உறுதியாகி, பிளீச் பயன்படுத்தலாம் என்று அதிகாரிகளே கூறினால் மட்டும், கடினமான பரப்புகளில், அவர்கள் சொல்லும் அளவிலும் நேரத்திலும் பூசிவிட்டுத் தண்ணீரால் கழுவுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டுடன் அது ஒருபோதும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். பிளீச்சுடன் வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்தாலும் அதே ஆபத்துதான்.

துடைத்து முடித்த துணி, கையுறை, களைந்த உடை ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டி, வெளியே பொருளின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். சாதாரணக் குப்பைத் தொட்டியில் போட்டால், மறுநாள் காலை கையுறை இல்லாமல் அதைப் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர்தான். 1913-ஐ அழைத்து, எங்கே ஒப்படைப்பது என்று மாநகராட்சியிடம் கேளுங்கள். பதில் வரும் வரை பை குழந்தைகளுக்கு எட்டாமல் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.