மாறியை மாற்றினால் விடை மாறும் சூப்பர்வெளித் தொகையீடு: டெல்டா போட்டுச் சரிசெய்த விதம்

பெரெசின் தொகையீட்டில் (சாதாரண மாறிகளோடு, இடம் மாற்றிப் பெருக்கினால் குறி மாறும் ‘தீட்டா’ மாறிகளும் உள்ள சூப்பர்வெளியில் எடுக்கும் தொகையீடு) எல்லை உள்ள பகுதி வந்துவிட்டால் ஒரு தொல்லை: மாறியை மாற்றினால் விடையும் மாறிவிடும். சாதாரண மாறி எக்ஸ் ஒன்று, தீட்டா இரண்டு. எக்ஸ் 0 முதல் 1 வரை, தொகையிட வேண்டியது வெறும் எக்ஸ். தீட்டாத் தொகையீடு இரு தீட்டாக்களின் பெருக்கத்தின் கெழுவை மட்டுமே எடுக்கும்; எக்ஸில் தீட்டாவே இல்லாததால் விடை 0. அப்புறம் எக்ஸோடு இரு தீட்டாக்களின் பெருக்கத்தைக் கூட்டி ஒய் என்று வைத்தேன், பெரெசினியன் (சாதாரணத் தொகையீட்டின் ஜக்கோபியனுக்கு இங்கே உள்ள இணை) 1 தான், ஆனாலும் ஒய்க்கு அதே எல்லைகளை வைத்தால் -1 வந்து நிற்கிறது.

எனக்குக் கைகொடுத்தது, எல்லையைத் தொகையீட்டுக் குறியில் எழுதாமல் ஹெவிசைடு படிச்சார்பாக (எல்லைக்கு உள்ளே 1, வெளியே 0) உள்ளே கொண்டுவந்ததுதான். மாறியோடு அதையும் மாற்றி டெய்லர் விரிவு எடுங்கள், தீட்டாப் பெருக்கத்தின் வர்க்கம் பூஜ்யம் என்பதால் இரண்டே உறுப்பில் முடிந்துவிடும்: பழைய படிச்சார்பு, கூடவே தீட்டாப் பெருக்கத்தில் ஒட்டிய டெல்டா (படிச்சார்பின் வகைக்கெழு; எல்லைப் புள்ளிகளில் மட்டும் இருப்பது). 0-இல் இருக்கும் டெல்டா எதுவும் தராது, அங்கே ஒய்யே 0. 1-இல் இருப்பது +1 தரும், அந்த -1 அடிபட்டுப்போய் மறுபடி 0. எவ்வளவு அழகு!

சூப்பர்கோளத்தின் (சூப்பர்வெளியில் உள்ள கோளத்தின்) பரப்புக்கும் இதே வழிதான். இரண்டு சாதாரண மாறி, இரண்டு தீட்டா என்றால் டெல்டாவின் வகைக்கெழு மட்டும் மிஞ்சி, பரப்பு 0 என்று வரும்.