பழைய சைக்கிளுக்கு மோட்டார் பொருத்துவோர் கவனத்திற்கு

காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து தினமும் வேலூருக்கு வேலைக்குச் செல்பவர், தம் பழைய சைக்கிளுக்கு மோட்டார் பொருத்த முனையும்போது, அது எவ்வளவு வேகமாகப் போகும் என்றே முதலில் கேட்கிறார். எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஒவ்வொரு வினாடியும் வேகத்தை மணிக்கு 11 கிலோமீட்டர் வீதம் குறைக்கும் பிரேக், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை ஏறத்தாழ 8 மீட்டரில் நிறுத்தும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதே பிரேக்குக்கு 20 மீட்டருக்கும் மேல் தேவைப்படும். எனவே பழைய கம்பி பிரேக்கை நம்பாமல், இரு சக்கரங்களுக்கும் வி-பிரேக்கோ டிஸ்க் பிரேக்கோ மாற்றிய பிறகே மோட்டாருக்குச் செலவிடுங்கள். பிடித்தவுடன் மோட்டாருக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக் கைப்பிடியும் அவசியம்.

சக்கரத்தின் நடுவிலேயே அமையும் ஹப் மோட்டாரின் அச்சு, சுழலும் விசையில் தன் பள்ளத்தைவிட்டுத் திரும்பி, ஒயர்களை முறுக்கி அறுத்துவிடக்கூடும். அதைத் தடுக்க, டார்க் ஆர்ம் எனப்படும் இரும்புப் பட்டையைப் பொருத்த வேண்டும். முன்சக்கரத்தில் மோட்டார் வைப்பதானால் அச்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க் அலுமினியத்தில் வேண்டாம், இரும்பே தாங்கும்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு, பதிவு, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றிலிருந்து விலக்கு அளிக்கின்றன. அந்த விலக்கு சோதனை முகமையின் சான்று பெற்ற வண்டிகளுக்கே உரியது என்பதால், வீட்டில் செய்பவர் இவ்வரம்புகளைக் குறைந்தபட்ச ஒழுங்காகக் கொண்டு, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை ஆளும் கன்ட்ரோலரிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி வைக்க வேண்டும். முன்னே வெள்ளை, பின்னே சிவப்புப் பிரதிபலிப்பான்களும் இருக்க வேண்டும்.

அதிகக் கவனம் பேட்டரிக்கு உரியது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி, மிதித்து உதவினால் 25 கிலோமீட்டர் வரை தாராளமாகக் கொண்டுசெல்லும். பழைய மடிக்கணினி செல்களைப் பிரித்துச் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன், செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ். பொருத்திய பேட்டரியையும், வளையாத கெட்டியான உறையையும், நேர்முனைக்கு அருகில் கன்ட்ரோலரின் அளவுக்கேற்ற ஃபியூஸையும் வாங்குங்கள். பத்து லித்தியம்-அயான் செல் தொடரின் முழு மின்னழுத்தம் 42 வோல்ட். பன்னிரண்டு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொடருக்கு 43.8 வோல்ட். ஒன்றின் சார்ஜரை மற்றொன்றில் செருகினால் ஆபத்து.

பொதுவாக லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. வேலூரின் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குத் தெரியும். வெயிலில் நின்ற வண்டியின் பேட்டரி அதைவிடச் சூடாகவே இருக்கும். ஆகவே வீடு வந்ததும் பேட்டரியை நிழலில் ஆறவிட்டு, கையால் தொட்டுச் சூடு தணிந்ததை அறிந்த பிறகே சார்ஜ் போடுங்கள். 2022 மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில், இரவில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் புகை சூழ்ந்து தந்தையும் மகளும் இறந்தார்கள். அதை மறக்க முடியவில்லை. எனவே வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில், வாசலுக்கும் படுக்கை அறைக்கும் இடையில் இல்லாத, காற்றோட்டமுள்ள சிமென்ட் தரையில் மட்டுமே சார்ஜ் செய்யுங்கள்.

முதல் ஓட்டத்தை நெடுஞ்சாலையில் அல்லாமல் ஆளில்லாத மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டர் ஓடியதும் அச்சின் நட்டுகளையும் ஆரக்கம்பிகளையும் மீண்டும் முறுக்கிப் பாருங்கள். புதிய சக்கரத்தில் அவை தளர்வது வழக்கம்.