ரீலுக்குள் ஏறிய உப்பு

கிருஷ்ணகிரி அணையில் ஜிலேபி மீன் பிடித்துக்கொண்டிருந்த வரை தூண்டில் ரீலுக்கு எண்ணெய் போடுவதோடு கவலை முடிந்தது. மரக்காணம் கடற்கரைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் உப்பின் வேலை தெரிந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கரகரவென்று சத்தம். தூண்டில் நரம்பைத் தாங்கும் சிறு உருளை சுழலவே இல்லை. அது நின்றுவிட்டால் நரம்பு உரசித் தேய்ந்துவிடும்.

ஒவ்வொரு பாகத்தையும் கைபேசியில் படமெடுத்து, கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கினேன். உருளையின் பேரிங்கைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. பழைய கிரீஸைப் பெட்ரோலில் தோய்த்த பிரஷ்ஷால் துடைத்தேன் (அடுப்புப் பக்கமே போகாமல், மொட்டை மாடியில்). புதிய பேரிங்குக்கு 4 மி.மீ. துளை, 7 மி.மீ. வெளிவிட்டம், 2.5 மி.மீ. அகலம். துருப்பிடிக்காத எஃகே போதும்; செராமிக்குக்குக் காசைக் கொட்டுவது வீண்.

பல்சக்கரங்களுக்கு நீர் புகாத கிரீஸ். பின்சுழற்சியைத் தடுக்கும் ஒருவழி பேரிங்குக்கு மட்டும் அது ஆகாது. உள்ளிருக்கும் உருளைகள் வழுக்கிக் கைப்பிடி பின்னோக்கிச் சுற்றும். மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும்.

மேம்படுத்தியது டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்கை) மட்டும்தான். கம்பளி வட்டுகளை எடுத்துவிட்டு அதே தடிமனில் கார்பன் வட்டுகள் போட்டு, டிராக் கிரீஸை மெலிதாகத் தடவினேன். 10 கிலோ தாங்கும் நரம்பைத் தொங்கு தராசின் கொக்கியில் கட்டி இழுத்து, 2.5 கிலோவில் விட்டுக்கொடுக்கும்படி திருகினேன். முன்பு திக்கித் திக்கி வந்த நரம்பு இப்போது சீராக வருகிறது.

கடலிலிருந்து திரும்பியதும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரைத் தெளித்துக் கழுவுகிறேன். வாளியில் முக்கினால் உப்பு உள்ளே போய்விடும். உலர்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வைக்கிறேன்.