வேர்டில் கோப்பைத் திறப்பதும் மூடுவதும்: எங்கே சறுக்குகிறது?

இருமுறை க்ளிக் செய்தால் கோப்பு திறக்கும், மூலையில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் மூடும். இது தெரிந்தவர்கள்தான் மறுநாள் வந்து “நேத்து அடிச்சதைக் காணோமே” என்று தேடுகிறார்கள். பெரும்பாலும் கோப்பு அழிந்திருக்காது. திறந்தது எந்த ஃபோல்டரில் உள்ள எந்தப் பிரதி என்று பார்க்காமல் வேலையைத் தொடங்கியிருப்பார்கள். கீழே உள்ளவை விண்டோஸில் ஓடும் மைக்ரோசாஃப்ட் வேர்டுக்கானவை. இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸின் ரைட்டர் மாறுபடும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறோம்.

திறப்பது

வேர்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கன்ட்ரோல் + ஓ. அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலோடு ஒரு முழுப்பக்கம் வரும். அதில் ‘பிரௌஸ்’ தட்டினால்தான் ஃபோல்டர்கள் தெரியும். அந்தச் சுற்று வேண்டாம் என்றால் கன்ட்ரோல் + எஃப்12, நேரே ஃபோல்டர் பெட்டிக்குப் போகும். ரைட்டரில் கன்ட்ரோல் + ஓ அழுத்தினாலே அந்தப் பெட்டிதான்.

அண்மைப் பட்டியல் கோப்பு இருந்த பாதையை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கும். கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ பெயரை மாற்றினாலோ அங்கிருந்து திறக்காது. அடிக்கடி தேவைப்படும் கோப்பின் பெயர்மேல் மவுஸை வைத்தால் ஒரு குண்டூசிப் படம் தெரியும். அதைத் தட்டிவிட்டால் அது பட்டியலை விட்டு இறங்காது.

ஃபோல்டரில் இருக்கும் கோப்பு பெட்டியில் மட்டும் தெரியவில்லையா? கோப்புப் பெயர் கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள வகைப் பட்டியலைப் பாருங்கள். அது வேர்டு ஆவணங்களை மட்டும் காட்டும் நிலையில் இருக்கும். ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் எல்லாம் வந்துவிடும்.

அதே பெட்டியில் ‘ஓப்பன்’ பொத்தானின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது. பலரும் அதைத் தொடுவதே இல்லை. அதற்குள் இருப்பவற்றில் மூன்று முக்கியம். ‘ஓப்பன் ரீட்-ஒன்லி’ மூலக் கோப்பின்மேல் எழுத விடாது. ‘ஓப்பன் ஆஸ் காப்பி’ அதே ஃபோல்டரில் ஒரு நகலை உண்டாக்கி அதைத் திறக்கும்; பழைய கடிதத்தை வைத்துப் புதியது எழுத இதுதான் சரியான வழி. ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ பழுதான கோப்பை முடிந்த அளவு ஒட்டவைத்துத் தரும்.

பழைய கடிதத்தை நேரடியாகத் திறந்து மாற்றுவது, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் உள்ள கோப்பு என்றால் இன்னும் ஆபத்து. சாளரத்தின் இடது மேல்மூலையில் ‘ஆட்டோசேவ்’ ஆன் ஆகியிருந்தால் நீங்கள் அடிப்பது உடனுக்குடன் மூலத்திலேயே ஏறிவிடும். ‘டோன்ட் சேவ்’ சொல்லித் தப்பிக்க வழியில்லை, மூடும்போது ‘சேமிக்கவா’ என்ற கேள்வியே வராது. முதல் எழுத்தை அடிக்கும் முன்பே ஃபைல் மெனுவில் ‘சேவ் எ காப்பி’ கொடுங்கள். மாற்றித் தொலைத்துவிட்டால் ஃபைல் மெனுவின் ‘இன்ஃபோ’ பக்கத்தில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ வழியே முந்தைய வடிவத்துக்குத் திரும்பலாம்.

மின்னஞ்சலிலும் ஜிப்பிலும் வந்தவை

மின்னஞ்சல் இணைப்பைத் தட்டித் திறந்தால் மேலே மஞ்சள் பட்டை வரும். இணையத்திலிருந்து வந்தது என்பதால் படிக்க மட்டும் விடுகிறது. அனுப்பியவர் தெரிந்தவர், கோப்பும் எதிர்பார்த்ததுதான் என்றால் மட்டும் ‘எனேபிள் எடிட்டிங்’ தட்டுங்கள். வெறுமனே படிக்க அது தேவையே இல்லை.

திருத்தம் செய்வதாக இருந்தால் அந்தக் கோப்பை முதலில் உங்கள் ஃபோல்டர் ஒன்றில் இறக்கி, அங்கிருந்து திறங்கள். இணைப்பிலிருந்தோ ஜிப்புக்குள்ளிருந்தோ நேரே திறப்பது விண்டோஸின் தற்காலிக ஃபோல்டரில் உள்ள ஒரு பிரதியைத்தான். அதில் செய்த திருத்தம் ஜிப்புக்குள் போய்ச் சேராது. சந்தேகம் வந்தால் ‘இன்ஃபோ’ பக்கத்தைப் பாருங்கள்: கோப்புப் பெயருக்குக் கீழே முழுப் பாதையும் இருக்கும். அதில் ‘டெம்ப்’ என்ற சொல் தென்பட்டால் உடனே எஃப்12 அழுத்தி வேறு இடத்தில் சேமியுங்கள்.

‘வேறொருவர் திறந்திருக்கிறார்’ என்றால்

கணினியில் நீங்கள் ஒருவர்தான்; ஆனாலும் கோப்பை இன்னொருவர் திருத்திக்கொண்டிருப்பதாக வேர்டு சொல்லும். அதற்குக் காரணம் இது: கோப்பைத் திறந்ததும் வேர்டு அதே ஃபோல்டரில் ஒரு மறைகோப்பை உண்டாக்கும். மூலத்தின் பெயர்தான் இருக்கும்; முதல் இரண்டு எழுத்துகளுக்குப் பதில் ~$ குறிகள். அளவு வழக்கமாக 162 பைட். திறந்தவரின் பெயர் அதற்குள் இருக்கிறது. ஒழுங்காக மூடினால் அது தானே போய்விடும். மின்சாரம் போனாலோ வேர்டு முடங்கினாலோ அப்படியே தங்கி, அடுத்த முறை வழிமறிக்கும்.

எல்லா வேர்டு சாளரங்களையும் மூடுங்கள். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் வேர்டு இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ‘எண்ட் டாஸ்க்’. பிறகு எக்ஸ்புளோரரின் ‘வியூ’ மெனுவில் மறைகோப்புகளைக் காட்டச் சொல்லி, ~$ என்று தொடங்குவதை மட்டும் நீக்குங்கள். பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஃபோல்டர் என்றால் கை வைக்காதீர்கள். உண்மையிலேயே ஒருவர் திறந்து வைத்திருக்கலாம், அவரிடம் கேளுங்கள். ரைட்டரின் பூட்டுக் கோப்பு புள்ளியில் தொடங்கி # குறியில் முடியும். வைத்தியம் ஒன்றுதான்.

தமிழ் கோணல்மாணலாக வந்தால்

வெற்று உரைக் கோப்பைத் திறக்கும்போது வேர்டு குறியாக்கம் (எழுத்துகள் கோப்பில் பதிவான முறை) கேட்டால் ‘அதர் என்கோடிங்’ தேர்ந்து, பட்டியலில் யூனிகோட் யூடிஎஃப்-8 கொடுங்கள். கீழே முன்னோட்டத்தில் தமிழ் சரியாகத் தெரிந்தபின் ஓகே. வேர்டு ஆவணமே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். கோப்பு கெடவில்லை. அந்த எழுத்துருவை நிறுவினால் தெரியும், அல்லது யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருளில் போட வேண்டும். எழுத்துருப் பட்டியலில் லதா என்ற யூனிகோட் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கில எழுத்து ஆங்கில எழுத்தாகவேதான் நிற்கும்.

மூடுவது

கன்ட்ரோல் + டபிள்யூ ஆவணத்தை மட்டும் மூடும். அது கடைசி ஆவணமாக இருந்தாலும் வேர்டு வெறும் சாளரமாக நிற்கும். ஆல்ட் + எஃப்4 சாளரத்தையே மூடும். வேர்டில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனிச் சாளரம் என்பதால் ஒன்றை மூடினால் மற்றவை பாதிக்கப்படாது. ரைட்டரில் கன்ட்ரோல் + க்யூ அழுத்தும் முன் யோசியுங்கள்: திறந்திருக்கும் விரிதாள் உட்பட லிப்ரே ஆஃபிஸ் முழுவதும் மூடும்.

சேமிக்கவா என்ற கேள்விக்குப் பழக்கதோஷத்தில் ‘சேவ்’ தட்டாதீர்கள். எதையும் மாற்றவில்லையே, ஏன் கேட்கிறது? தேதி போலத் தானே மாறும் புலம் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம், அச்சிட்டதாலும் இருக்கலாம். கை தவறி ஒரு பத்தி அழிந்தும் இருக்கலாம். ‘கேன்சல்’ கொடுத்து உள்ளே போய், கன்ட்ரோல் + இசட் ஒன்றிரண்டு முறை அழுத்திப் பாருங்கள். என்ன மாறியது என்று தெரிந்துவிடும். மூடியபின் அந்த வசதி கிடையாது.

புதிய ஆவணம் என்றால் வேர்டின் சின்னப் பெட்டி பெயரோடு இடத்தையும் காட்டும். பெயரை மட்டும் அடித்துவிட்டு இடத்தைப் பார்க்காமல் விடுவதால்தான் பாதிக் கோப்புகள் ஒன்டிரைவில் போய் உட்கார்ந்திருக்கின்றன.

‘டோன்ட் சேவ்’ தவறாகத் தட்டிவிட்டால், ஃபைல், இன்ஃபோ, ‘மேனேஜ் டாக்குமென்ட்’, ‘ரெகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்’. கிடைத்ததை உடனே முறையான பெயரில் சேமியுங்கள். ஒருமுறைகூடச் சேமிக்காத ஆவணங்களுக்கு இந்த வழி. ஏற்கெனவே சேமித்த கோப்பு என்றால் அதைத் திறந்து அதே ‘மேனேஜ் டாக்குமென்ட்’ பகுதியில், சேமிக்காமல் மூடிய பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கி மீட்பு இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பதியும். அதற்குள் திறந்து மூடியது கிடைக்காது. ஆப்ஷன்ஸில் ‘சேவ்’ பகுதிக்குப் போய் 3 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். ரைட்டரில் சேமிக்க வேண்டாம் என்று சொன்னதை இப்படி மீட்க முடியாது.

பென்டிரைவில் உள்ள கோப்பை அங்கேயே வைத்துத் திருத்த வேண்டாம். கணினிக்கு நகலெடுத்து, திருத்தி, மூடி, திரும்பப் போடுங்கள். ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே பிடுங்குங்கள்.

நீண்ட ஆவணத்தை மறுநாள் திறக்கும்போது கர்சர் முதல் பக்கத்தில் நிற்கும். திறந்த கையோடு ஷிஃப்ட் + எஃப்5 அழுத்தினால், கடைசியாக வேலை செய்த இடத்துக்கு வேர்டு கொண்டுபோய் விடும்.