ஆளைத் தின்னும் மரத்தை எழுதுவது எப்படி?

முதலில், மரத்தை அவசரப்படுத்தாதீர்கள். என் முதல் கதையில் இரண்டாம் பத்தியிலேயே ஒரு கிளை நாயகனின் காலைப் பிடித்து இழுத்துவிட்டது. படித்த தங்கை, "இது மரமா, முதலையா?" என்று கேட்டாள்.

இந்த வகைக் கதைகளில் பேர்போனது, 1874-இல் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகை செய்தி போலவே வெளியிட்ட மடகாஸ்கர் மரம். முழுப் புளுகு. ஆனால் அதன் அடிமரத்தை எட்டடி உயர அன்னாசிப் பழத்தோடு ஒப்பிட்டார்கள் பாருங்கள், அதுதான் சாமர்த்தியம். தெரிந்த பொருளைக் காட்டினால் தெரியாததையும் நம்புவார்கள். அதிலிருந்த பழங்குடி நரபலிக் காட்சியை மட்டும் தொடாதீர்கள்; அது அந்தக்கால வெள்ளைக்காரத் திமிர்.

சரி, பயத்துக்கு என்ன செய்வது? அமெரிக்காவின் கரோலினா சதுப்புகளில் வளரும், பூச்சி தின்னும் செடியான வீனஸ் ஈப்பொறியைப் பாருங்கள். இலைக்குள்ளே இருக்கும் மெல்லிய முடியை ஒருமுறை தொட்டால் இலை பொதுவாக மூடாது. ஏறக்குறைய 20 வினாடிக்குள் மறுபடி தொட்டால் பட்டென்று மூடிக்கொள்ளும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் இலையைத் தடவுகிறான். ஒன்றுமில்லை. சிரிக்கிறான், பீடி பற்றவைக்கிறான், தீக்குச்சியை இலை மேலேயே போடுகிறான்.

அப்புறம் அலறலெல்லாம் வேண்டாம். அந்தச் செடி ஒரு பூச்சியைச் செரிக்கவே ஒரு வாரம் போல ஆகும். பத்து நாள் கழித்து தேடி வருபவர்கள் கண்ணில், விரிந்த இலை நடுவே மூக்குக்கண்ணாடி மட்டும் படட்டும்.