மதர்போட்டை வீட்டில் திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஆம் ஆண்டில் டொலரின் விலை 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாய் வரை ஏறியதன் பின்னர், பழுதான கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குவது யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்களுக்கு இயலாத காரியமாயிற்று. மின்னை அளக்கும் ஒரு மல்ரிமீற்றரையும் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சோல்டரிங் அயனையும் வாங்கி, கணினியின் பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகையாகிய மதர்போட்டை வீட்டு மேசையிலேயே திருத்த முனைவது நல்ல முயற்சிதான். ஆனால், இவ்வேலையில் காசு வீணாவதற்குப் பெரும்பாலும் வேலையின் ஒழுங்கு மாறுவதே காரணம். செலவில்லாத சோதனைகளை முடிக்குமுன் அயனைச் சூடாக்குகிறவர், நல்ல பலகையைக் கெடுத்துவிட்டு அதையே திருத்திக்கொண்டிருக்க நேர்கிறது.

கணினி இயங்கவில்லை என்றதும் மதர்போட்டின்மேற் பழியைப் போடுவது முதலாவது தவறு. முதலிற் சந்தேகிக்க வேண்டியது, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியாகிய பவர் சப்ளையை. அதிலிருந்து மதர்போட்டுக்கு வரும் 24 முள் இணைப்பியின் பச்சை வயரையும் கறுப்பு வயர் ஒன்றையும் சிறு கம்பியால் தொடுத்தால் அது தனியே இயங்கும். எல்லா வயர்களும் கறுப்பாக இருந்தால் பச்சைக்குரியது 16 ஆம் முள். விசிறி சுழன்றவுடன் பவர் சப்ளை நல்லது என்று முடிவுசெய்வோர் பலர். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ற், சிவப்பில் 4.75 முதல் 5.25, செம்மஞ்சளில் 3.14 முதல் 3.47 இருக்கின்றனவா என்று அளக்க வேண்டும். அதையும் சுமையில்லாமல் அளந்தாற் போதாது. இணைப்பியை மதர்போட்டிற் பொருத்தியபடியே, அதன் பின்புறமாக மீற்றரின் முனையைச் செலுத்தி, கணினி தொடங்கும் நேரத்தில் அளந்தால்தான் களைத்துப்போன பவர் சப்ளை பிடிபடும். அயல்வீட்டாரிடம் ஒன்றை இரவல் வாங்கிப் பார்ப்பது இன்னும் சுலபம். ஆனால் அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு வரும் டெல், எச்.பி. கணினிகள் சிலவற்றின் இணைப்பி வேறுபட்டது என்பதால், பொருந்தாததை அழுத்திப் பொருத்தக்கூடாது. பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். 230 வோல்ற் மின்சாரம் நேராக்கப்படும்போது ஏறக்குறைய 325 வோல்ற் ஆகிறது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் உள்ளேயிருக்கும், மின்னைத் தேக்கிவைக்கும் பெரிய கப்பாசிற்றரில் அது தங்கியிருக்கக்கூடும்.

அடுத்ததாக, மதர்போட்டைக் கணினிப் பெட்டிக்குள் வைத்தபடியே சோதிப்பதும் தவறு. பின்புறத்தில் தேவையற்ற இடத்தில் நிற்கும், பலகையைத் தாங்கும் ஒரு பித்தளைத் தூண் போதும், முழுக் கணினியையும் நிறுத்திவிட. பலகையை வெளியே எடுத்து, காய்ந்த கடதாசி மட்டையின்மேல் வைக்க வேண்டும். அது வந்த வெள்ளிநிறப் பையின்மேல் வைத்தால், அந்தப் பையே ஓரளவு மின்னைக் கடத்தும். புரொசசரையும் அதன் விசிறியையும் சிறு ஒலிபெருக்கி ஒன்றையும் மட்டும் விட்டு, நினைவகமாகிய ராம் அனைத்தையும் கழற்றி இயக்கிப் பாருங்கள். ராம் இல்லை என்று பலகை கூவினால், புரொசசரும், கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளாகிய பயோஸும் உயிரோடு இருக்கின்றன. இச்சோதனையைச் செய்யாமலே எத்தனை நல்ல பலகைகள் பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும்! ராமின் பொன்முலாம் பூசிய விளிம்பை மென்மையான அழிறப்பரால் துடைக்கலாம். மணற்கடதாசியால் உரசினால் முலாம் போய்விடும்.

கணினியை நிறுத்திய பின்னரும் பிளக் குத்தியிருக்கும்வரை பலகையில் 5 வோல்ற் காத்திருப்பு மின்சாரம் உண்டு. அந்நிலையில் ராமைக் கழற்றிப் பூட்டுவது பலகையையே எரிக்கக்கூடியது. பிளக்கைக் கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திவிட்டே கை வைக்க வேண்டும். நாள்காட்டி அடிக்கடி பின்னோக்கிப் போனால், சி.ஆர். 2032 பற்றரியை மாற்றினாற் போதும்.

சுத்தம் செய்யும்போது நம் ஊருக்கே உரிய ஒரு தவறு நிகழ்கிறது. வலிகாமத்துச் செம்மண் புழுதியும் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும் பல்லி எச்சமும் சேர்ந்து படிந்த பலகையைக் கிணற்று நீரிற் கழுவுகிறார்கள். சுண்ணாம்புக்கல்லின் ஊடாக ஊறி வரும் நம் கிணற்று நீர் காய்ந்தபின் விட்டுச்செல்லும் வெண்படிவு, முள்களுக்கிடையே புதிய பழுதை உண்டாக்கும். ஐசோபுரோப்பைல் அற்ககோலும் பழைய பல்தூரிகையும் போதுமானவை; பற்றரியைக் கழற்றிவிட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும்.

இரு முனைகளுக்கிடையே தொடர்பு உண்டென்று மல்ரிமீற்றர் எழுப்பும் ஒலியை அப்படியே நம்புவதும் பலரை வழிதவறச் செய்கிறது. மின்சாரம் இருக்கும்போது தடையை அளக்கக்கூடாது என்பது யாவரும் அறிந்தது. புரொசசருக்கு அருகிலுள்ள சுருள்களை நிலத்தொடர்போடு (கறுப்பு வயரின் பக்கத்தோடு) சேர்த்து அளந்தால், புரொசசர் பூட்டியிருக்கும் நிலையில் சில ஓம் அல்லது அதனிலும் குறைவாகவே காட்டும். அது இயல்பானது, குறுக்குச் சுற்று என்று எண்ணி உதிரிப்பாகங்களைக் கழற்ற வேண்டாம். மாறாக, புரொசசருக்கு மின்சாரம் தரும் 4 அல்லது 8 முள் இணைப்பியின் 12 வோல்ற் முள், நிலத்தொடர்போடு பூச்சியத்தை அண்மித்தால், அங்கே மொஸ்பெற் என்னும் திரான்சிஸ்ரர் ஒன்று எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தலை வீங்கிய கப்பாசிற்றர்களை மாற்றுவதே வீட்டில் வெற்றிபெறக்கூடிய பெரிய வேலை. தவறுகள் மலிந்ததும் இங்கேதான். 2000 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் வந்த பலகைகள் பலவற்றில் கப்பாசிற்றர்களுக்குள் இருந்த மின்பகு திரவமே குறைபாடுடையதாக இருந்தமையால் இப்பழுது உலகெங்கும் பரவியது. பழைய வானொலியிற் கழற்றியதைப் பொருத்தினால் சில நாட்களில் அதுவும் வீங்கும். மைக்ரோபரட் அளவு அதேயாகவும், வோல்ற் அளவு அதே அல்லது சற்றுக் கூடியதாகவும், 105 பாகை தாங்குவதாகவும், உட்தடை குறைந்த வகையாகவும் இருக்க வேண்டும். உடலில் உள்ள பட்டை எதிர்முனையைக் குறிக்கும். பலகையில் நிறமிட்ட பாதி பொதுவாக எதிர்முனையானாலும், சில நிறுவனங்கள் அதை மாற்றிக் குறித்துள்ளன. ஆகவே கழற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பலகைக்குள் அடுக்கடுக்காக இருக்கும் செப்புத் தகடுகள் சூட்டை உறிஞ்சுவதால், 25 வாற் அயனால் நெடுநேரம் அழுத்தினாலும் ஈயம் இளகாது. பொறுமையிழந்து இழுத்தால் துளையின் உட்பூச்சு கழன்று வந்துவிடும். வெப்பம் கட்டுப்படுத்தத்தக்க 60 வாற் அயனே ஏற்றது. ஈயமற்ற சோல்டர் 217 பாகை அளவிலே உருகும். ஈயம் கலந்த சோல்டரைச் சிறிது சேர்த்தால் அது தாழ்ந்த சூட்டிலேயே இளகும். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

சமையல் அவணுக்குள் பலகையை வைத்துச் சூடாக்குவது முழு மடைமை. சில நாட்கள் இயங்கினாலும் பழுது திரும்பும், நச்சுப் புகை அவணிற் படியும். பயோஸ் புதுப்பிப்பையும் பழுது தேடும் வழியாகக் கொள்ள வேண்டாம். ஒரே மாதிரிப் பெயரிலும் பலகையின் பதிப்பு எண் (revision) மாறினால் பயோஸ் கோப்பும் மாறும், இடையில் மின்சாரம் போனால் பலகையே தொடங்காது.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் வலையமைப்புத் துளை மட்டும் செயலிழந்திருந்தால், சிப்பை மாற்ற முனையாமல் மலிவான யு.எஸ்.பி. இணைப்பான் ஒன்றை வாங்குங்கள். பெரிய சிப்பின் அடியில் உள்ள பழுதுக்கு வீட்டில் வழியில்லை. அந்நிலையில் அதே புரொசசரை ஏற்கும் பாவித்த பலகையே மலிவு. அதை நகரத்துக் கடையிலோ கொழும்பு யுனிற்றி பிளாசாவிலோ வாங்கும்போது, சொக்கற்றின் முள்கள் வளையாமல் இருப்பதைப் பார்த்து, உங்கள் புரொசசரையும் ராமையும் கொண்டுசென்று கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பழைய பலகையைக் குப்பையிற் போடாமல், அதன் நல்ல உதிரிப்பாகங்களில் அயன் பிடித்துப் பழகிக்கொள்ளலாம்.